துளசிமணியின் வலி யாரிடம் இருக்கிறது

தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் மூன்று விரல் போன பதினோராம் நாள் துளசிமணியின் வலியைப் பக்கத்து வீட்டுத் தேவாத்தாள் வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அந்த லைன் வீடுகளில் யாரும் யாருடைய வலியையும் அப்படி வாங்கி வைத்ததில்லை, ஆனால் சர்க்கரை வாங்கியிருக்கிறார்கள், காபித்தூள் வாங்கியிருக்கிறார்கள், ஊருக்குப் போகிறவர்களின் சாவியையும் கோழியையும் பிள்ளையையும் வாங்கி வைத்திருக்கிறார்கள், அதனால் இதுவும் அதோடு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

மோட்டாருக்குத் தகடு வெட்டுகிற கம்பெனிகளுக்குப் பின்னால், சாக்கடைக்கு இந்தப் பக்கம், ஒரே கூரைக்கடியில் பதினோரு வீடு, ஒரே குழாய், ரெண்டு கக்கூஸ், பகலெல்லாம் பிரஸ் இடிக்கிற இடி சுவர் வழியாக வந்து குண்டாவில் இருக்கிற தண்ணீரில் வட்டம் வட்டமாக நிற்கும். துளசிமணி ஆறாவது வீடு. புருசன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வடக்கே போய் எட்டு மாசம், மகள் மிதுனாவுக்கு ஆறு மாசம். காலால் மிதித்தால் மேலிருந்து இடிக்கிற பிரஸ்ஸில் அவளுக்கு வேலை, கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பித் தடுப்பு ஒன்று அதில் இருந்தது, அது இருந்தால் வேலை மெதுவாகிறது என்று கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள், அவள் கை உள்ளே போன அன்றைக்கும் அது மூலையில் சாத்தியபடியேதான் இருந்தது, அதற்கு ஒரு கீறலும் இல்லை.

பதினோராம் நாள் மத்தியானம் மிதுனா பாலுக்கு அழ, துளசிமணி இடது கையால் பிள்ளையைத் தூக்கப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தாள். மாவு ஆட்டி விற்கிற தேவாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள், யாரிடமும் கேட்டுக்கொண்டு எதையும் செய்கிற பழக்கம் இல்லாதவள்.

"பிள்ளைய நீயே வெச்சுக்க அம்மிணி, அதுக்கு நீதான் வேணும். அந்த வலியக் குடு, பால் குடுத்து முடிக்கற வரைக்கும் நான் வெச்சுக்கறேன்."

நீட்டிய கைக்குத் துளசிமணி கொடுத்தாள். எப்படிக் கொடுத்தாள் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, இடுப்பிலிருந்து குடத்தை இறக்குகிற மாதிரி இருந்தது என்று மட்டும் சொன்னாள். தேவாத்தாள் வாசல்படியில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள், அவள் முகமெல்லாம் வேர்த்தது, ஐந்து விரலும் நல்லபடியாக இருந்த கையில் மூன்று விரல் நசுங்குகிறதை அவள் உட்கார்ந்து பார்த்தாள்.

"அடி சண்டாளி, இதையா பதினோரு நாளா வெச்சிட்டு இருந்தே," என்றாள். "ஒரு வார்த்தை சொல்றதில்ல?"

"எல்லாருக்கும் வேலை இருக்குமில்லீங்க்கா," என்றாள் துளசிமணி, பால் குடிக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே.

அன்றிலிருந்து அந்த வலி லைனில் சுற்றியது. குழாய்க்கு முறை இருந்த மாதிரி, கக்கூஸ் கழுவ முறை இருந்த மாதிரி அதற்கும் ஒரு முறை வந்தது, காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, துளசிமணி குளிக்கிறபோது ஒன்பதாவது வீட்டுச் சம்பூரணம், பிள்ளை தூங்குகிறபோது துளசிமணியே. கேட்டு நீட்டுகிற கைக்கு அது போய்விடும், தரமாட்டேன் என்று மனசில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் மட்டும் நிற்கும், இதை லைன் நாலே நாளில் கற்றுக்கொண்டது. எண்ணெய் வாசத்துக்கு அது எகிறும், குளிர்ந்த தண்ணீருக்கு ஆகாது, பிரஸ் சத்தம் கேட்டால் ஒவ்வொரு இடிக்கும் ஒரு தரம் புதுசாக நசுங்கும், ஆயுத பூஜைக்குக் கம்பெனி மூடிய அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கண்ணசந்தது. சம்பூரணம் தன் முறையில் அரை மணி முன்னதாகவே திருப்பித் தந்துவிடுகிறாள் என்று ஒரு சண்டை நடந்தது. பெயிண்டர் ஆறுச்சாமி சாயங்காலமானால் குடிக்கிறவர், தன் முறையைக் குடித்துவிட்டு வாங்கிப் பார்த்தார், குடிக்காமல் வாங்கிப் பார்த்தார், ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று கண்டுகொண்டு அந்த மாசம் குடிப்பதையே விட்டார், அவர் பெண்டாட்டி துளசிமணிக்கு அரைக் கிலோ தக்காளி கொண்டுவந்து கொடுத்தாள்.

ரெண்டு மாசம் போய் ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. அடிபட்டவர்களுக்கு என்ன தருவது என்று முடிவு செய்கிற ஆபீஸ். அந்த ஊரில் விரலுக்கு ஏற்கெனவே அச்சடித்த ரேட் உண்டு, ஆள்காட்டிக்கு இவ்வளவு, நடுவிரலுக்கு இவ்வளவு என்று, அதில் பேச ஒன்றுமில்லை, ஆனால் காகிதத்தில் கடைசியாக இன்னொரு கட்டம் இருந்தது, வலி என்று. அதில் நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் விழுந்தால் மாசாமாசம் கையில் கொஞ்சம் வரும், வீட்டோடு இருந்து பிள்ளையைப் பார்க்கலாம். நாற்பதுக்குக் கீழே விழுந்தால் வேலைக்குத் தகுதி என்று அர்த்தம், அதே கம்பெனி, அதே பிரஸ், இந்தத் தடவை இடது கை. துளசிமணிக்கு மற்றதெல்லாம் மறந்துபோய் அந்த இடது கை மட்டும்தான் கண்ணில் நின்றது, சோறு ஊட்டுகிறபோது, பிள்ளையைத் துடைக்கிறபோது, இந்தக் கையையா, இந்தக் கையையா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆபீஸுக்குப் போகிற அன்றைக்கு லைன் ஒரு தப்புச் செய்தது, கெட்டவர்கள் யாரும் செய்யாத தப்பு. ஆபீஸ் என்றால் குளித்து, தலை வாரி, துவைத்த சேலை கட்டி, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும், அழுதுகொண்டு நின்றால் ஆபீஸர் எரிந்து விழுவார் என்பது ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் அலைந்து அவர்கள் கற்ற பாடம். சம்பூரணம் தன் நல்ல சேலையைக் கொடுத்தாள், ஆறுச்சாமி ஆட்டோ பிடித்து வந்தார், தேவாத்தாள், "அங்க போயி இத வெச்சிட்டுத் திணறாத, குடு," என்று வலியை வாங்கிக்கொண்டு கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே வலி டாக்டர் இருந்தார். எதிரே கம்பெனி ஆள் நவநீதன் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார், மரியாதையானவர், துளசிமணியை வாங்க உட்காருங்க என்றார். டாக்டர் ரப்பர் முனை வைத்த ஒரு குச்சியால் விரல் இருந்த இடத்தை அழுத்தினார், வெளியே பெஞ்சில் யாரோ முனகுகிற சத்தம் கேட்டது.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்லு. இங்க?"

"அங்கயும் இல்லீங்க. இப்ப எங்கிட்ட இல்லீங்க. வெளிய தேவாத்தாக்கா உக்காந்திருக்குது, அதுகிட்ட இருக்குதுங்க."

டாக்டர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. பதினெட்டு வருசமாக வலி அளக்கிறவர், வலியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர்களையும் இரவல் வலியோடு வந்தவர்களையும் பார்த்தவர். கூப்பிடு அந்தம்மாவை என்றார். தேவாத்தாள் வந்தாள், அவளுடைய பருத்த ஆள்காட்டி விரலைக் குச்சியால் ஒரு தரம் தொட்டார், அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது.

"எண்பத்தஞ்சு," என்றார் டாக்டர், குரலில் ஒரு மரியாதையோடு. "எந்தக் கம்பெனிம்மா நீங்க?"

"மாவு ஆட்டி விக்கறேனுங்க."

"விபத்து என்னிக்கு நடந்துச்சு?"

"எனக்கு எதுக்குங்க விபத்து? நான் நல்லாத்தான் இருக்கறேன்."

நவநீதன் ஃபைலை மூடினார். "சார், விரல் போனவங்ககிட்ட வலி இல்லை. வலி இருக்கறவங்களுக்கு விரல் போகலை. இதுல கம்பெனி யாருக்குங்க சார் குடுக்கறது?" அதைக் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

தேவாத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது. "இந்தா அம்மிணி, புடி, வாங்கிக்க," என்று அங்கேயே நீட்டினாள், துளசிமணி வாங்கினாள், வாங்கிய வேகத்தில் மேசைமேல் மடங்கி விழுந்தாள், சம்பூரணத்தின் சேலையில் இங்க் கொட்டியது.

டாக்டர் தலையை ஆட்டினார். "இது மெஷின்ல இருந்து வந்த வலி இல்லைம்மா. இந்தம்மா குடுத்தது. என் கண்ணால பாத்தேன். பாத்ததைத்தானே நான் எழுத முடியும்?"

"சார், நான் சித்த நேரம் வாங்கி வெச்சிருந்தேனுங்க, அவ்வளவுதான். ஊருக்குப் போறவ கோழிய நான் வாங்கி வெச்சா அது என் கோழி ஆயிருமுங்களா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார், யோசிக்காமல் பதில் சொல்கிற மனுசன் இல்லை. "கோழிக்கு இதுல கட்டம் இல்லைம்மா," என்றார். பிறகு வலி என்கிற கட்டத்தில் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டார். மனசு கேட்காமல் கீழே இன்னொரு வரியும் எழுதினார், அறுபது நாள் அவகாசம், அந்த அறுபது நாளும் வலி இடைவிடாமல் சம்பந்தப்பட்டவரின் உடம்பிலேயே இருக்க வேண்டும், ஒரு நிமிஷம் வேறு ஆளிடம் போனாலும் பூஜ்யமே உறுதி.

அந்தக் காகிதம் ஊருக்குள் துளசிமணியைவிட வேகமாகப் போனது. அடுத்த மாசமே கம்பெனிகள் கொடுக்கிற ஃபாரத்தில் புதுசாக ஒரு வரி சேர்ந்தது, வலியை வாங்கி வைத்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஆட்கள் உண்டா, உண்டு, இல்லை. மூன்றாவது தெருவில் முழங்கை உடைந்த ஒருத்தர் எனக்கா ஆள் இல்லை என்று ரோசத்தோடு உண்டு என்பதில் டிக் அடித்தார், அவருக்கு ஒன்றுமே வரவில்லை. அதற்குப் பிறகு அடிபட்டவர்கள் எல்லாரும் எங்களுக்கு நாதி இல்லீங்க என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள், விசாரிக்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் உயிராகப் பழகிய பக்கத்து வீட்டுக்காரிகள் வாசலில் நின்று உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் என்று கத்தினார்கள், ஆரம்பத்தில் நடிப்பாகத்தான் கத்தினார்கள், கத்திக் கத்திச் சில வீடுகளில் அது அப்படியே தங்கிவிட்டது.

லைனில் அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்தார்கள். குடு என்கிற சொல்லை விட்டார்கள். பழக்கதோசத்தில் யாராவது துளசிமணி இருக்கிற பக்கம் கை நீட்டிக் குடு என்று சொல்லி, அவள் அசந்த நேரமாக இருந்து, அது கைமாறிவிட்டால் அறுபது நாளும் போச்சு. சர்க்கரை வேண்டுகிறவள் டம்ளரை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள். பிள்ளைகள் பந்தைக் கேட்பதற்குப் பதிலாகப் பறித்துக்கொண்டு ஓடின. சம்பூரணத்தின் மாமியார், எண்பது வயசு, தண்ணி என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியை முழுங்கினாள். பல தடவை மறந்துபோய்ச் சொல்ல வந்தவர்கள் தங்கள் வாயைத் தாங்களே அடித்துக்கொண்டார்கள்.

வாரத்துக்கு ஒரு நாள் நவநீதன் வண்டியில் வந்து வாசலில் நின்று, "இருக்குதாம்மா?" என்று கேட்பார். "இருக்குதுங்க," என்பாள் உள்ளிருந்து துளசிமணி. டிக் அடித்துவிட்டுப் போவார். அது இருந்தது. பகலெல்லாம் சுவர் வழியாகப் பிரஸ் இடிக்க இடிக்க இருந்தது, பாதி வேகிற சோற்றிலும் பாதி கட்டிய சேலையிலும் இருந்தது, பிள்ளை பால் குடிக்கிறபோது அவள் தலையைப் பின்னால் சுவரில் மெதுவாக முட்டிக்கொண்டே இருந்ததில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்தது. தேவாத்தாள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள், முகத்தைப் பார்த்தால் கை தானாக நீண்டுவிடும் என்று ரெண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வாள்.

"நான் அன்னிக்கு வாங்காம இருந்திருந்தா இன்னேரம் முடிஞ்சிருக்கும்," என்றாள் ஒரு நாள், சுவரைப் பார்த்து.

"நீங்க வாங்காம இருந்திருந்தா நான் இன்னேரம் இருந்திருக்க மாட்டேனுங்க்கா," என்றாள் துளசிமணி.

அந்த அறுபது நாளில் மிதுனா உட்காரக் கற்றாள், தவழக் கற்றாள், கதவு இடுக்கில் கரண்டியை விட்டு இழுக்கக் கற்றாள். கண்ணில் பட்டதையெல்லாம் வேண்டும் என்று கை நீட்டுகிற வயசு. லைனில் ஒருவரும் கொடுக்கல் வாங்கல் பேச்சே பேசாமல் இருந்த காலம் அது, அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

அறுபதாம் நாள் துளசிமணி குளிக்காமல், தலை வாராமல், கட்டியிருந்த சேலையோடு பஸ்ஸில் போனாள். தேவாத்தாளும் ஆறுச்சாமியும் தள்ளிப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள், தெரியாதவர்கள் மாதிரி. பத்து மாசப் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியவில்லை, இடுப்பில் இருந்தது. ஆபீஸ் பெஞ்சில் அவள் உட்கார்ந்து, வலது கையை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கூப்பிடுகிற வரைக்கும் மூச்சு விடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மிதுனா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மா எந்நேரமும் விடாமல் வைத்திருக்கிற ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் சின்னக் கையை நீட்டினாள்.

"தா," என்றாள்.

அதுதான் அவள் முதல் பேச்சு. துளசிமணி தரமாட்டேன் என்று மனசில் இறுக்கப் பார்த்தாள், அறுபது நாளாக யாருக்கும் இளகாமல் இறுக்கி வைத்திருந்த மனசுதான், ஆனால் அந்த இறுக்கம் நின்ற இடம் முழுக்க அந்த ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது, பிடித்துக்கொள்ள அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

பிள்ளை கத்திய கத்தலுக்கு வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அதே நேரம் உள்ளிருந்து துளசிமணி, துளசிமணி என்று ரெண்டு தரம் கூப்பிட்டார்கள், மூன்றாவது தரம் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். தேவாத்தாள் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கினாள்.

"நீ போ அம்மிணி, நான் வாங்கிக்கறேன், ஒரு நிமிசத்துல வாங்கிக்கறேன். போங்கறேன் இல்ல."

துளசிமணி உள்ளே போய் உட்கார்ந்தாள். டாக்டர் குச்சியை வைத்து அழுத்தினார். கையில் ஒன்றுமே இல்லை, மரக்கட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. வெளியே மிதுனா அழுதாள், குச்சி அழுத்துகிறபோது அந்த அழுகை ஓங்கியது, குச்சி எடுக்கிறபோது தணிந்தது, மறுபடி அழுத்துகிறபோது மூச்சு நின்று, கொஞ்சம் பொறுத்து, வெடித்தது. துளசிமணியின் முகம் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. டாக்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். பதினெட்டு வருசத்தில் அவர் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"வலிக்குதாம்மா?" என்றார், கேட்க வேண்டும் என்பதற்காக.

போன தடவை உண்மையைச் சொல்லி என்ன கிடைத்தது என்று அவளுக்குத் தெரியும். மடியில் கிடந்த இடது கையை ஒரு தரம் பார்த்தாள், அஞ்சு விரலும் இருந்தன.

"வலிக்குதுங்க," என்றாள்.

தொண்ணூற்றிரண்டு போட்டார். நவநீதனும் எட்டிப் பார்த்து, "நியாயமா இருக்கணும் சார், இவங்களுக்கு நிஜமாவே இருக்குது," என்று தானே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சீல் வைத்து, ஊதிக் காயவைத்து, மடித்துக் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

படிக்கட்டுக்குக் கீழே வேப்பமரத்தடியில் தேவாத்தாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறுச்சாமி மண்டிபோட்டு ரெண்டு கையையும் ஏந்தியிருந்தார். "குடு சாமி. மாமனுக்குக் குடு. என் தங்கமில்ல, குடு," என்று அறுபது நாள் லைனே வாய்க்குள் அடக்கி வைத்திருந்த சொல்லை இப்போது ரெண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ரெண்டு பேர்கூட வந்து கை நீட்டினார்கள். மிதுனா வலது கையை முட்டியாக மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

"தரமாட்டேங்குது அம்மிணி," என்றாள் தேவாத்தாள், அவள் முகத்தைப் பார்க்காமல். "நாலு வளத்தவ சொல்றேன். இந்த வயசுல வாங்கத்தான் தெரியும், வாயில வெச்சுக்கத்தான் தெரியும். குடுக்கத் தெரிய இன்னும் ரெண்டு மாசமாவது ஆகுமே."

நவநீதன் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தவர் வண்டியை எடுக்கப் போகிற வழியில் நின்று பார்த்தார். "பாப்பாவுக்கு வயித்து வலியா இருக்கும். ஓமத் தண்ணி குடுங்க," என்றார் அக்கறையாக.

துளசிமணி மண்ணில் உட்கார்ந்தாள். காகிதம் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை, ஆறுச்சாமி எடுத்துத் தட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்த கையைப் பிள்ளைக்கு முன்னால் நீட்டி, "அம்மாவுக்குக் குடு கண்ணு, அது அம்மாவோடது, குடு," என்றாள், நாலு தரம் சொன்னாள், பிறகு கையை மட்டும் நீட்டியபடி இருந்தாள். மிதுனா அழுகையை ஒரு நிமிஷம் நிறுத்தி அந்தக் கையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் இன்னும் ஏதாவது இருக்கிறதோ என்று நினைத்தவள் மாதிரி தன் இன்னொரு கையையும் நீட்டி, "தா," என்றாள்.